மஞ்சூரியனின் வரலாறு: கலந்த ருசியும் வெளியேற்றப்பட்ட உடல்களும்

சென்னையில் புதிதாகத் திறந்த ஓர் உணவகத்திற்கு நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். 'நவீன ஆசிய உணவு' என்று பலகை. ரசத்தில் மிதக்கும் மோமோ, கறிவேப்பிலை போட்டு வதக்கிய நூடுல்ஸ், மஞ்சூரியனில் ஏழெட்டு வகை. பரிமாறிய பையன் மணிப்பூர்க்காரன். மெனு அட்டையின் முதல் பக்கத்தில் 'எல்லைகளற்ற ருசி' என்று அச்சடித்திருந்தார்கள். பில்லைப் பார்த்து நண்பரின் முகம் மாறியது வேறு விஷயம். அந்த 'எல்லைகளற்ற' என்கிற சொல்தான் என்னைத் தொந்தரவு செய்தது. ருசிக்கு எல்லை இல்லை, சரி. அதைச் சமைத்தவனுக்கு?

கலப்பு உணவு என்றதும், யாரோ ஒரு சமையல் மேதை தன் கற்பனையில் இரண்டு நாடுகளைச் சேர்த்துவைத்தார் என்பதாகவே சொல்லப்படுகிறது. இது முதலாளியச் சந்தை கட்டிய கதையாடல். கலப்பு பெரும்பாலும் பிழைக்க வந்தவர்களின் அடுப்பில்தான் நடந்திருக்கிறது. இந்தியாவின் 'சைனீஸ்' உணவு அதற்கு நல்ல உதாரணம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாங் அச்சூ என்கிற சீனர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, கல்கத்தாவுக்குத் தெற்கே பட்ஜ்பட்ஜ் அருகில் கரும்புப் பண்ணையும் சர்க்கரை ஆலையும் நிறுவினார். அவர் பெயரால் அந்த இடம் இன்றும் அச்சிப்பூர். பிறகு வந்தவர்கள் கல்கத்தாவின் டிரெட்டா பஜாரில் குடியேறினார்கள். காண்டனியர்கள் தச்சு வேலை செய்தார்கள். ஹக்காக்கள் செருப்புத் தைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டாங்ராவின் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடத் தொடங்கினார்கள்.

ஏன் தோல்? இதற்குப் பதில் சீனாவில் இல்லை, இங்கே இருக்கிறது. சாதி இந்துக்கள் தீட்டு என்று தள்ளிவைத்த தொழில் அது. சாதியக் கட்டுமானம் விட்டுவைத்த அந்தக் காலி இடத்தில் அந்நியர்கள் நுழைய முடிந்தது. ஆனால் ஹக்கா முதலாளியிடம் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்களில் பெரும்பகுதி பீகாரிலிருந்து வந்த தலித் தொழிலாளர்கள். இதை மறைத்துவிட்டு ஹக்காக்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் எழுதினால் அதுவும் பொய்தான். ஒடுக்கப்பட்டவனின் கீழே இன்னொருவனை வைப்பதுதானே சாதியின் வித்தை.

1962 அக்டோபர் 20இல் எல்லையில் போர் தொடங்கியது. ஒரே மாதத்தில், நவம்பர் 21இல் முடிந்தும் போனது. உள்ளே இருந்தவர்களுக்கு அது முடியவில்லை. போர் தொடுத்த நாட்டின் குடிமகனாக ஒருவரின் பெற்றோரோ தாத்தா பாட்டியோ எப்போதாவது இருந்திருந்தால் போதும், இந்தியாவில் பிறந்தவரையும் அந்நியராக நடத்தலாம் என்று சட்டம் வந்தது. குடியுரிமை என்பது காகிதம் அல்ல, முகம் என்று அரசு அறிவித்தது என்றே இதை வாசிக்க வேண்டும். அஸ்ஸாமின் மாக்கும், ஷில்லாங், டார்ஜிலிங் பகுதிகளிலிருந்து குழந்தைகளும் கிழவர்களுமாகச் சுமார் 3,000 பேர் ரயிலேற்றப்பட்டு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். பிரிட்டிஷார் நம்முடைய கம்யூனிஸ்டுகளை அடைத்துவைத்திருந்த அதே தேவ்லி. கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1967இல். திரும்பியவர்களில் பலருக்கு வீடு இல்லை, கடை இல்லை, ஏலத்தில் போயிருந்தன.

நமக்கும் இதில் ஒரு சாட்சியம் உண்டு. 1963இல் சீனா அனுப்பிய கப்பல்கள் வந்து நின்றது மதராஸ் துறைமுகத்தில்தான். 2,000க்கும் மேற்பட்டவர்கள் இங்கிருந்து ஏறிப் போனார்கள். அவர்களில் பலர் சீனாவைப் பார்த்ததே இல்லை. நம் நவீன இலக்கியத்தில் அந்தக் கப்பல்கள் எந்த அளவுக்குப் பதிவாகியிருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

பதின்மூன்று வருஷம் கழித்து, 1975இல், பம்பாயின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமையல்காரராக இருந்த நெல்சன் வாங், கோழித் துண்டுகளை மாவில் புரட்டிப் பொரித்தார். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாக சோயா சாஸ் ஊற்றினார். சோள மாவில் குழம்பைக் கெட்டியாக்கினார். சிக்கன் மஞ்சூரியன் பிறந்த கதையாக அவர் சொன்னது இது. அவர் கல்கத்தாவில் பிறந்த சீனர். மஞ்சூரியாவுக்கும் இந்தப் பண்டத்துக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. வாடிக்கையாளன் கேட்கிற 'சீனா'வை அவனுக்கே சமைத்துக் கொடுப்பது, அவ்வளவுதான்.

அப்புறம் கோழி இருந்த இடத்தில் காலிஃபிளவர் வந்தது. கோபி மஞ்சூரியன். 'சுத்த சைவம்' என்று பலகை மாட்டியவர்கள் சீனாவை இப்படித்தான் உள்ளே விட்டார்கள்: மாமிசத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு. பூண்டும் வெங்காயமும் இல்லாத 'ஜெயின் மஞ்சூரியன்' வரை அது போனது. திருவல்லிக்கேணி ஓட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்கிற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் பெரியார் இயக்கம் மறியல் செய்தது. சொல் போனது. சாப்பாட்டைச் சுத்தம் அசுத்தம் என்று பிரிக்கிற மனசு போனதா? அந்நிய ருசியையும் செரித்துத் தன் சாதி ஒழுங்குக்குள் வைத்துக்கொள்கிற வயிறு நம்முடையது. மறுபக்கமும் உண்டு. தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் ஃபிரைடு ரைஸ் வாங்கித் தின்கிற பையனுக்கு, கரண்டி பிடித்தவன் என்ன சாதி என்கிற கேள்வி எழுவதில்லை. அந்தச் சின்னச் சுதந்திரத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

1996இல் உச்ச நீதிமன்றம் டாங்ராவின் தோல் கூடங்களை நகரத்துக்கு வெளியே போகச் சொன்னது. சுற்றுச்சூழல் காரணம் நியாயமானது. பல கூடங்கள் உணவகங்களாயின. முகாமிலிருந்து திரும்பிய பல குடும்பங்கள் அதற்கு முன்பே கனடாவுக்குப் போய்விட்டன. டொரண்டோவில் 'ஹக்கா உணவு' என்று பலகை போட்டு சில்லி சிக்கன் விற்கிறார்கள். இந்திய அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அங்கிருந்துதான் கோரிக்கை எழுந்தது. இங்கே, 'ஷெஸ்வான் சட்னி'யைப் புட்டியில் அடைத்து விற்ற நிறுவனத்தை 2024இல் டாடா குழுமம் வாங்கியபோது போட்ட மதிப்பு 5,100 கோடி ரூபாய். ருசிக்கு விலை நிர்ணயமாகிவிட்டது. மன்னிப்புதான் பாக்கி.

மற்றமையை உண்பது பற்றி பெல் ஹூக்ஸ் 1992இல் எழுதினார். ஆதிக்கத்தைக் கைவிடாமலேயே பிறனின் சாரத்தைச் சுவைக்கிற ஆசை பற்றிய கட்டுரை அது. அமெரிக்க வெள்ளையர்களை முன்வைத்து எழுதப்பட்டாலும், நம்மூர் ஆசிய உணவக மேசையில் அதை விரித்துப் படிக்கலாம். மணிப்பூர், நாகாலாந்து, நேபாள இளைஞர்களை அங்கே நிறுத்துவது அவர்கள் முகத்துக்காகவும்தான். முகம் அலங்காரத்தின் பகுதி. அதே முகத்துக்காக, 2012 ஆகஸ்டில் பரவிய வதந்திக்குப் பயந்து ஆயிரக்கணக்கான வடகிழக்கு மக்கள் பெங்களூரிலிருந்து ரயிலேறினார்கள். 2020இல் அதே முகத்தைப் பார்த்து 'கொரோனா' என்று கத்தினார்கள். 1962இன் சட்டம் காகிதத்தில் தூங்கலாம். தெருவில் அது விழித்துத்தான் இருக்கிறது.

ஆகவே கலப்பு ருசியைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. தூய உணவு என்று ஒன்று கிடையாது; மிளகாயே கடல் தாண்டி வந்ததுதான். கலப்பைக் கொண்டாடுகிறவர்கள் கலந்து வாழ்ந்தவர்களுக்கு என்ன செய்தார்கள் என்பதே என் கேள்வி. அன்று வெளியே வரும்போது அந்த மணிப்பூர்ப் பையனிடம் நண்பர், "எந்த நாடு தம்பி?" என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே, "இந்த நாடுதான் சார்" என்றான், நல்ல தமிழில்.