கரப்பானுக்கு இலை மருந்து: எது உதவும், எது கெடுக்கும்?

திருத்தணியில் ஜும்ஆ முடிந்ததும், ஓதி ஊதச் சொல்லி நம்மிடம் கொண்டுவரப்படும் குழந்தைகளில் சிலருக்கு இருப்பது கண் திருஷ்டி அல்ல. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிவந்து, சொறிந்து சொறிந்தே தடித்துப்போன தோல். ஊரில் இதைக் கரப்பான் என்பார்கள், மருத்துவர் எக்ஸிமா என்பார். ஓதி விடுகிறோம். கூடவே, இதுவரை என்ன தடவினீர்கள் என்றும் கேட்கிறோம். "பேர் இல்லாத டப்பா களிம்பு ஹஜ்ரத். மூலிகைதான். ரெண்டு நாள்ல அடங்கிடுச்சு, நிறுத்தினதும் முன்னைவிட அதிகமா வந்துடுச்சு" என்கிறார்கள். இதை எழுத வைத்தது இந்தப் பதில்தான்.

எக்ஸிமா தொற்றுநோய் அல்ல. தோலின் மேலடுக்கு பலவீனமாகி ஈரம் வெளியேறுகிறது, வெளிப்பொருள்கள் உள்ளே நுழைகின்றன, உடல் அதை எதிர்த்து அழற்சி காட்டுகிறது. வட்ட வட்டமாக ஓரம் சிவந்து பரவும் படர்தாமரை வேறு. அது பூஞ்சை. அதற்குத்தான் நம் நன்னிமார்கள் சீமையகத்தி இலையை அரைத்துப் போட்டார்கள். வெள்ளிச் செதில் உதிரும் சொரியாசிஸ் மூன்றாவது வகை, சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை. எது என்று தெரியாமல் எந்த இலையைப் பறித்தும் பயனில்லை.

இலை மருந்து என்றால் நம் பகுதியில் முதலில் நினைவுக்கு வருவது வெட்பாலை. எல்லைக்கு அப்பால் தெலுங்கில் அங்குடு என்பார்கள். ஏட்டிக்கொப்பாக்கா மரப்பொம்மைகள் இந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. பச்சை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். சாயம் தரும் மரம் என்பதால் அந்த நிறம். சென்னையில் மத்திய அரசின் சித்த ஆராய்ச்சியில் 777 எண்ணெய் என்று பெயர் பெற்றது இதுவே. ஆனால் அங்கே அது பயன்பட்டது சொரியாசிஸுக்கு. எக்ஸிமாவுக்கும் அதே பலன் என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். குடசப்பாலையை வெட்பாலை என்று பறிப்பவர்களும் உண்டு.

உண்மையில், அந்த எண்ணெயின் பாதி வேலையைத் தேங்காய் எண்ணெயே செய்கிறதோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவியவர்களுக்கு எட்டு வாரத்தில் நோயின் அளவு 68 சதவீதம் குறைந்தது. கனிம எண்ணெய் தடவியவர்களுக்கு 38 சதவீதம்.

ஆலிவ் எண்ணெய் விஷயத்தில் நம்மவர்கள் வருத்தப்படக்கூடும். ஜைத்தூன் பரக்கத்தான உணவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2013இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், அதைத் தோலில் தொடர்ந்து தடவியபோது மேலடுக்கு இன்னும் பலவீனமானது. எக்ஸிமா குழந்தைக்கு அதைத் தேய்க்காதீர்கள்.

கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி யாவரும் அறிந்தது. ஈரானில் கை எக்ஸிமா உள்ள 60 பேரிடம் செய்த ஆய்வில் கருஞ்சீரகக் களிம்பு, பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுக்கு ஏறத்தாழ ஈடாக வேலை செய்தது. வேறொரு சோதனையில் மருந்தில்லாத வெறும் களிம்பைவிட மேலாகத் தெரியவில்லை. அதன் எண்ணெயே சிலருக்கு ஒவ்வாமையால் தோலைப் புண்ணாக்கியதும் பதிவாகியிருக்கிறது. எனவே எந்த எண்ணெயானாலும் முன்கையின் உட்புறத்தில் சிறு இடத்தில் தடவி இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

வேப்பிலையும் குப்பைமேனியும் எல்லோர் வீட்டிலும் உண்டு. வெளியே போடுவது வேறு, உள்ளே கொடுப்பது வேறு. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டு ஆபத்துக்குள்ளானதை மலேசிய மருத்துவர்கள் 1981இலேயே எழுதினார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்கள் குப்பைமேனி சேர்ந்த கஞ்சி குடித்து, இரத்த அணுக்கள் உடைந்து மருத்துவமனைக்கு வந்தது இலங்கையில் பதிவானது.

இனி அந்த டப்பா களிம்பு. 1999இல் லண்டன் மருத்துவர்கள் 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தார்கள். எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது. பெற்றோருக்கு அது தெரியாது. ஸ்டீராய்டு கெட்டது என்பதல்ல நம் பேச்சு. மருத்துவர் அளவு சொல்லி, நாள் சொல்லித் தரும்போது அது நல்ல மருந்து. அளவு தெரியாமல் குழந்தையின் முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், வளர்ச்சியும் பாதிக்கலாம். தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத டப்பா, இரண்டே நாளில் அதிசயம் செய்தால் சந்தேகப்படுங்கள்.

தோல் அரிப்பால் அவதிப்பட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் பட்டுச் சட்டை அணிய அனுமதி தந்ததை புகாரியில் காண்கிறோம். ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட துணி, நோய்க்காக அனுமதிக்கப்பட்டது. உரசாத துணியின் அருமை அன்றே தெரிந்திருக்கிறது. இன்று நம் பிள்ளைகளுக்கு நைலான் கலந்த பண்டிகை உடைக்குப் பதில் மெல்லிய பருத்தி போதும். பொதட்டூர்பேட்டை, நகரி பக்கம் தறியிலும் சாயத்திலும் கை வைப்பவர்கள் கையுறை போடலாம். ஒளுச் செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஈரத்தை ஒற்றி எடுத்து, உடனே எண்ணெய் தடவிக்கொள்ளலாம். தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று மருத்துவர் சொன்னால் தயம்மும் உண்டு, உங்கள் இமாமிடம் கேளுங்கள்.

கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு தொடங்கி முட்டை, பால் வரை நிறுத்திவிடும் தாய்மார்கள், மருத்துவர் சொல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். பிள்ளை இளைத்துவிடும்.

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி உண்டு. அதனால் நாமும் வைத்தியம் சொல்லவில்லை. நீர் வடிந்து மஞ்சள் பொருக்குத் தட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கொத்தாகக் கொப்புளம் கிளம்பினாலோ அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அரும்பாக்கத்தில் மத்திய சித்த ஆராய்ச்சி நிறுவனமும் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவமனையும் இருக்கின்றன. திருத்தணியிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டால் மதியத்திற்குள் காட்டிவிடலாம். போகும்போது இதுவரை தடவிய டப்பாக்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.