அறங்காவலர்களும் தனி அறங்காவலரும்

'டிரஸ்டி' என்பதைத் தமிழில் எழுதப் போனால் கை தானாக 'அறங்காவலர்' என்று எழுதிவிடுகிறது. எழுதி முடித்ததும் விபூதி வாசனை அடிக்கிறது. பரிவட்டம், முதல் மரியாதை, தேர் வடம் என்று ஒரு முழு அதிகார ஒழுங்கு அந்தச் சொல்லோடு கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் எம்.ஏ. தமிழ் படித்த கல்லூரியில் நிர்வாகக் குழு என்பது தாளாளர் அறைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஏழெட்டுப் படங்கள். பாதிப் படங்களுக்கு மாலை போட்டிருக்கும். மாலை போடாதவர்களை ஆண்டு விழாவில் முன்வரிசை சோபாவில் பார்க்கலாம். இவர்களை இங்கே உட்கார வைத்தது யார் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தோன்றியதில்லை. அதிகாரம் தன்னை இயற்கையாகக் காட்டிக்கொள்வது என்று பிற்பாடு புத்தகங்களில் படித்தபோது எனக்கு அந்த சோபாதான் ஞாபகம் வந்தது.

ஆகவே, 1969இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கல்லூரி நிர்வாகக் குழுவின் ஏழு நாற்காலிகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் போட்டியிட்டார்கள், ஊரார் ஓட்டுப் போட்டார்கள் என்று முதலில் படித்தபோது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. பஞ்சாயத்துத் தேர்தலா இது? முதலிடத்தில் வந்தவர் ஜெர்ரி பிரவுன். கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் பாட் பிரவுனின் மகன், அப்போது முப்பத்தோரு வயது வக்கீல். அதே தேர்தலில் ஜெயித்த இன்னொருவர் மைக் அன்டனோவிச், எதிர்க்கட்சிக்காரர், அதைவிட இளையவர். அவர் பின்னாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் மேற்பார்வையாளராக 1980இலிருந்து 2016 வரை அசையாமல் இருந்தார். பிரவுன் ஆளுநரானார், ஒருமுறை அல்ல. ஆக, இந்த நாற்காலி ஒரு ஏணிப்படியும்கூட. அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் சொல்லாமல் நகரக் கூடாது. ஜனநாயகத்தின் அடித்தளம் என்று கொண்டாடப்படுகிற பல இடங்களில் கால் வைத்தவர்கள் மேலே பார்த்துக்கொண்டேதான் வைத்திருக்கிறார்கள்.

இந்த நாற்காலிகளுக்கு ஓட்டு எப்படி வந்தது? ஏதோ மகத்தான ஜனநாயகக் கனவு என்று கற்பனை செய்ய வேண்டாம். 1901இல் இலினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளியின் மேலேயே இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பைக் கட்டினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் அதன் பின்னால் இருந்தார். பல்கலைக்கழகத்துக்கு முதல் இரண்டு வருடக் கூட்டத்தை வேறெங்காவது கழற்றிவிட வேண்டும் என்பது அவர் போன்றோரின் கணக்கு. கலிபோர்னியாவில் 1907இல் சட்டம் வந்து, 1910இல் ஃபிரெஸ்னோவில் முதல் ஜூனியர் கல்லூரி திறந்தது. இவை எல்லாம் பள்ளியின் மாடியில் முளைத்தவை. பள்ளிக்கு ஊரார் தேர்ந்தெடுத்த போர்டு இருந்தது, மாடிக்கும் அதே போர்டு. 1921இல் தனிக் கல்லூரி மாவட்டங்கள் அமைக்கச் சட்டம் வந்தபோது, பழக்கம் அப்படியே தொடர்ந்தது. அதாவது இந்த ஓட்டு, பல்கலைக்கழகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கியது அல்ல, பள்ளிக்கூடத்திடமிருந்து சீதனமாக வந்தது. உயர்கல்வி என்று யாரும் மதிக்காததால் ஊராரிடம் விட்டுவைக்கப்பட்டது என்றும் சொல்லலாம்.

ஒப்பிட்டுப் பாருங்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை ஆளும் ரீஜென்டுகளில் பெரும்பாலோர் ஆளுநர் நியமிப்பவர்கள், பன்னிரண்டு வருடப் பதவிக்காலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் குழுக்களில் வியாபாரிகள் உட்கார்ந்திருப்பதைப் பற்றித் தோர்ஸ்டைன் வெப்லன் 1918இலேயே ஒரு புத்தகம் முழுக்க எள்ளி நகையாடினார். வியாபாரிகள் பல்கலைக்கழகம் நடத்துவது பற்றிய குறிப்பு என்றுதான் அதற்குத் துணைத் தலைப்பே. ஐந்து வருடம் கழித்து அப்டன் சின்க்ளேர், எந்த வங்கிக்காரர் எந்தக் கல்லூரியின் டிரஸ்டி, எந்த ரயில்வேக்காரர் எந்தக் கல்லூரியின் டிரஸ்டி என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டார். இருவருடைய கோபமும் பெரிய இடங்கள் மேல். மாடிக் கல்லூரிகளை இருவரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் பரவியது 1947இல், ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு. அந்தப் பெயர் அரை நூற்றாண்டு கழித்துச் சென்னைக்கும் வந்தது. 1996இல் சென்னை மயிலை மறைமாவட்டம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. பள்ளியிறுதியோடு நின்றுபோனவர்களுக்கு அது செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெயரும் பாடத்திட்டமும் கப்பலேறி வந்தன, ஊரார் ஓட்டுப் போடும் நாற்காலி வரவில்லை. சொல்லப்போனால், அமெரிக்காவிலேயே எல்லா மாநிலங்களிலும் அது இல்லை. ஃபுளோரிடாவில் ஆளுநர் நியமிக்கிறார். கலிபோர்னியாவில்தான் 73 மாவட்டங்கள், 116 கல்லூரிகள் என்று விரிந்து கிடக்கிறது.

சரி, ஓட்டுப் போட்டு வந்த போர்டு என்ன செய்தது? எழுதுகிறவர்களுக்கு இந்தச் சம்பவம் முக்கியம். லாஸ் ஏஞ்சல்ஸ் வேலி கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் டீனா மெட்ஸ்கர், கவிஞர். தணிக்கை, ஆபாசம் பற்றிய வகுப்பு விவாதத்தில் தானே எழுதிய ஒரு கவிதையை மாணவர்கள் முன் வைத்தார். 1969இல் அவரை வேலையிலிருந்து நீக்க நடவடிக்கை எடுத்தது நிர்வாகம். நிரந்தரப் பணியில் இருந்தவர். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1972இல் அவர் ஜெயித்து வேலைக்குத் திரும்பினார். வழக்கின் பெயரே 'அறங்காவலர் குழு எதிர் மெட்ஸ்கர்'. ஊரார் தேர்ந்தெடுத்த குழு ஊராரின் ஒழுக்கத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காருகிறது. நியமனக் குழுவுக்கு எதிராகத் தேர்தல் குழுவைத் தூக்கிப் பிடிக்கும் நம் தோழர்கள் இந்த இடத்தில் வேகமாக நடந்துவிடக் கூடாது. கவிதைக்குப் பயப்படுவதில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை.

இதைவிடப் பெரிய திருப்பம் 1978இல். 'முன்மொழிவு 13' என்ற வாக்கெடுப்பு, சொத்துவரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்று கட்டிப்போட்டது. அதுவரை உள்ளூர்க் கல்லூரிகளின் பணத்தில் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்துவரி. போர்டு வரி விகிதத்தை முடிவு செய்யும், ஊரார் திட்டுவார்கள், அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்ப்பார்கள். அதற்குப் பெயர்தான் பொறுப்பு. 1978க்குப் பிறகு பண முடிச்சு தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போய்விட்டது. 1984 வரை கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரியில் படிப்புக் கட்டணமே கிடையாது. அந்த வருடம் ஒரு பருவத்துக்கு 50 டாலர் வரை வைத்தார்கள். வைத்தது மாநிலம், போர்டு அல்ல. 2012இல் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். பன்னிரண்டு யூனிட் எடுக்கிற பிள்ளை என்ன கட்டும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 1978இல் ஆளுநர் யார்? அதே ஜெர்ரி பிரவுன். அவர் அந்த வாக்கெடுப்பை முதலில் எதிர்த்தார், ஜெயித்ததும் தீவிரமாக அமல்படுத்தினார்.

பண முடிச்சு போன போர்டு ஒரு விசித்திரப் பிராணி. ஓட்டு கீழே, காசு மேலே. மிஞ்சியிருந்த பெரிய அதிகாரம் கட்டடம் கட்டுவது. கட்டடப் பத்திரங்களுக்கு 55 சதவீத ஓட்டுப் போதும் என்று 2000இல் விதி தளர்ந்ததும், லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரி மாவட்டம் மூன்று வாக்கெடுப்புகளில் சுமார் 600 கோடி டாலருக்கு அனுமதி வாங்கியது. 2011இல் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' அந்தப் பணம் எப்படி வீணானது என்று தொடராகவே எழுதியது. இடித்துக் கட்டி, கட்டி இடித்து. ஒப்பந்தக்காரர்களிடமிருந்து தேர்தல் நன்கொடை. ஆசிரியரை வேலைக்கு வைக்க முடியாத குழு கான்கிரீட் மட்டும் கொட்ட முடியும் என்றால் எதைக் கொட்டும்? தனிநபர் ஒழுக்கக்கேடு என்று இதைச் சுருக்கிவிடுவது பத்திரிகைகளின் பழக்கம். எந்த அதிகாரத்தைப் பிடுங்கி எந்த அதிகாரத்தை மிச்சம் வைத்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகிறது.

இப்போது சான் பிரான்சிஸ்கோ. நகரக் கல்லூரி 1935இல் தொடங்கியது. 2012வாக்கில் எண்பதாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். மாணவர்கள் என்றால் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மட்டுமில்லை. ஆங்கிலம் கற்க வந்த சீனப் பாட்டி, மெக்சிகோவிலிருந்து வந்த சமையல்காரர், சிறையிலிருந்து வெளியே வந்தவர், வேலை போனவர், ஓய்வுபெற்ற பிறகு ஒரு பாடம் மட்டும் படிக்க வருகிறவர். பட்டம் வாங்காமலே படித்துவிட்டுப் போவார்கள். அதே சமயத்தில் மாநிலத்தில் 'மாணவர் வெற்றி' என்றொரு சொல்லாடல் கிளம்பியது. வெற்றி என்றால் குறித்த காலத்தில் பட்டம். 2012இல் அது சட்டமாயிற்று, கையெழுத்துப் போட்டவர் மறுபடியும் ஆளுநராக வந்திருந்த பிரவுன். இந்தப் போக்கை எதிர்த்துப் பேசியவர்களில் சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் முன்னணி. யார் மாணவர், யார் வெறுமனே இடத்தை அடைக்கிறவர் என்று வகைபிரிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் சண்டை. வெற்றி என்ற சொல்லை யார்தான் எதிர்ப்பார்கள்? எதிர்க்க முடியாத சொற்களில்தான் அதிகாரம் சொகுசாகக் குடியிருக்கிறது.

2012 ஜூலையில் அங்கீகாரக் குழு கல்லூரிக்கு இறுதி எச்சரிக்கை கொடுத்தது. அது அரசு அமைப்பு அல்ல, தனியார் அமைப்பு, யாரும் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் அல்ல. ஆனால் அது தலையாட்டாவிட்டால் மத்திய அரசின் மாணவர் உதவிப்பணம் நின்றுவிடும். அவர்கள் கற்பித்தல் மோசம் என்று சொல்லவில்லை. நிதி, நிர்வாக அடுக்கு, முடிவெடுக்கும் முறை என்பவைதான் குற்றச்சாட்டு. நிர்வாகிகள் போதவில்லையாம். ஆசிரியர் துறைத்தலைவர்களே ஆண்டுகொண்டிருக்கிறார்களாம். நிதி நெருக்கடி உண்மைதான், மறுக்க மாட்டேன். ஊர் என்ன செய்தது? அந்த நவம்பரில் நிலத்துண்டு ஒன்றுக்கு வருடம் 79 டாலர் தனி வரி கட்டுகிறோம் என்று ஏறத்தாழ 73 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். தன் கல்லூரிக்காகத் தானே வரி கேட்டு வாங்கிக்கொண்ட ஊர்.

2013 ஜூலை தொடக்கத்தில் அங்கீகாரக் குழு, அடுத்த வருடத்தோடு அங்கீகாரம் ரத்து என்று அறிவித்தது. சில நாட்களிலேயே மாநிலத்தின் மேல்மட்ட ஆளுநர் குழு, ராபர்ட் அக்ரெல்லா என்ற ஒருவரைத் 'தனி அறங்காவலர்' ஆக்கி, ஏழு பேரின் அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்தது. மேல்மட்டக் குழுவை நியமிப்பவர் ஆளுநர். ஊரார் தேர்ந்தெடுத்த ஏழு பேர் பதவியில் இருந்தார்கள், அதிகாரம் மட்டும் இல்லை. ராஜினாமா செய்யச் சொல்லவில்லை, பதவி நீக்கமும் இல்லை. பெயர் இருந்தது, வேலை இல்லை. பகிரங்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் நின்று மூன்று நிமிடம் திட்டிவிட்டுப் போக ஊராருக்கு இருந்த இடமும் அதோடு போயிற்று. மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தது இதற்காகவும்தான். எதிராளி எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்றே தெரியாமல் எங்கே போய்க் கத்துவது?

நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரெரா 2013 ஆகஸ்டில் வழக்குப் போட்டார். அங்கீகாரக் குழுவின் ஆய்வுக் குழுவில் அதன் தலைவருடைய கணவரே இருந்தார் என்பது முரண்பட்ட நலன் என்று மத்தியக் கல்வித்துறையும் சுட்டிக்காட்டியது. 2014 ஜனவரியில் நீதிபதி கர்டிஸ் கார்னோ தடை விதித்தார். 2015 தொடக்கத்தில், கல்லூரிக்குத் தன் தரப்பைச் சொல்ல உரிய வாய்ப்புத் தரப்படவில்லை, சட்டம் மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் ரத்து முடிவை அவரே நீக்கிவிடவில்லை, அதையும் குறிக்க வேண்டும். 2015இல் ஏழு பேருக்கும் அதிகாரம் திரும்பியது. 2017 ஜனவரியில் ஏழு வருட அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் மாணவர்களில் பல்லாயிரம் பேர் போய்விட்டார்கள். மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட கல்லூரியில் யார் போய்ச் சேருவார்கள்? முதலில் காணாமல் போனவர்கள், பட்டக் கணக்கில் சேராத அந்தப் பாட்டிகளாக இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இந்தக் கதையை மீட்சிக் கதையாகச் சொல்லி நிறுத்துகிறார்கள். நானும் இதுவரை ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் சொன்னேன். சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது முதல்முறை அல்ல. 2004இலேயே, லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய காம்ப்டனில், 1927இல் தொடங்கிய கல்லூரியின் போர்டிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கி ஒரு தனி அறங்காவலரிடம் கொடுத்தார்கள். காம்ப்டன் கறுப்பின மக்களின், பிறகு லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளின் ஊர். ஊழல் இருந்தது. குழுவின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் பொதுப்பணத்தைச் சுருட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டார். அடுத்த வருடம் அதே அங்கீகாரக் குழு அங்கீகாரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் காம்ப்டன் கல்லூரி, பக்கத்து மாவட்டத்தின் எல் காமினோ கல்லூரியினுடைய ஒரு 'மையம்' ஆயிற்று. மாநிலம் 3 கோடி டாலர் கடனுக்கு வழி செய்தது. சும்மா இல்லை, கடன்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கோடிக்கணக்கில் கான்கிரீட்டில் வீணானபோது போர்டின் அதிகாரத்தை யாரும் பிடுங்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பிடுங்கினார்கள், இரண்டே வருடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் அங்கே வழக்குப் போட நகர வழக்கறிஞர் இருந்தார், பத்திரிகைகள் இருந்தன, பலமான ஆசிரியர் சங்கம் இருந்தது. காம்ப்டனுக்குத் தன் பெயரில் அங்கீகாரம் திரும்பியது 2017இல். எல் காமினோவிடமிருந்து பிரிந்து மறுபடி தனிக் கல்லூரியாக நின்றது 2019 ஜூனில். 2004இல் பத்து வயதாக இருந்த ஒரு காம்ப்டன் பிள்ளை, தன் ஊர்க் கல்லூரி தன் ஊர்ப் பெயரில் தனியாக நின்று பட்டம் கொடுப்பதைப் பார்க்கும்போது இருபத்தைந்து வயது.