கொலாஜன் உதிர்த்த துண்டு

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி சரியாக இருந்தால் கல்லீரலுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதி அடைகிறவர்கள் ஏராளம். கல்லீரல் செல் அடிபடும்போது கசிகிற நொதி அது. அடிபட்ட இடத்தை ஆற்றப்போய் உடல் உள்ளே தழும்பு கட்டிக்கொண்டே போகிறதா என்பதை அது சொல்லாது. எஸ்ஜிபிடி இயல்பாக இருக்கும்போதே தழும்பு முற்றிவிட்டவர்களும் உண்டு. தழும்பைப் பற்றிய சேதியை ரத்தத்துக்குக் கொண்டுவருவது வேறொன்று. மூன்றாம் வகைப் புரோகொலாஜனின் முனையிலிருந்து வெட்டி விடப்படும் ஒரு சிறு புரதத் துண்டு. பி3என்பி என்று அழைக்கிறார்கள்.

அது பிறக்கும் இடம், கல்லீரல் செல்களுக்கும் ரத்த நுண்குழாய்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி. அங்கே கிளைகளை நீட்டியபடி நட்சத்திரச் செல்கள் இருக்கின்றன. 1876-ல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் வான் குப்ஃபர் தங்கக் குளோரைடில் சாயமேற்றி இவற்றைக் கண்டார். நல்ல நாட்களில் இவற்றின் வேலை வைட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளில் சேமித்து வைப்பது. மதுவோ, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களோ, படிந்த கொழுப்போ கல்லீரலை ஆண்டுக்கணக்கில் வதைத்தால் இவை குணம் மாறிவிடும். சேமித்த துளிகளை இழந்து, சுருங்கி விரியும் நார்ச் செல்லாகி, கொலாஜன் உற்பத்தியில் இறங்கும்.

செல்லுக்குள் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, கொலாஜனின் முன்வடிவமான புரோகொலாஜன் உருவாகிறது. இரு முனைகளிலும் கூடுதலாக ஒரு பகுதி ஒட்டியிருக்கும். அது இருக்கும்வரை சங்கிலிகள் எளிதில் நாராகத் திரளாது. செல்லுக்குள்ளேயே திரண்டால் செல்லின் கதி அதோகதி. வெளியே வந்ததும் நொதிகள் முனைகளை வெட்டுகின்றன. நடுப்பகுதி நாராகித் தழும்பில் சேர்கிறது. வெட்டுப்பட்ட முனைத் துண்டு ரத்தத்தில் கலக்கிறது. தச்சுப் பட்டறை வாசலில் குவியும் மரச்சீவலைப் போலத்தான் இது: உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைச் சொல்லும், ஏற்கெனவே செய்துவைத்த கட்டில்களை எண்ணிச் சொல்லாது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இந்தப் பரிசோதனையைப் படிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தத்திலிருந்து இந்தத் துண்டைப் பொறுக்கி அகற்றுவதும் கல்லீரல்தான், அதன் நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள். கல்லீரல் கெட்டால் உற்பத்தி கூடுகிறது, அகற்றும் கையும் தளர்கிறது. இரண்டும் சேர்ந்து அளவை உயர்த்துகின்றன. வளரும் குழந்தைக்கும், பெரிய காயம் ஆறிக்கொண்டிருப்பவருக்கும், நுரையீரலில் தழும்பு விழுந்தவருக்கும்கூட அளவு ஏறும். ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கல்லீரல்மீது பழிபோட முடியாது.

1979-ல் ஜெர்மனியில் ரூபர்ட் டிம்பிள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கதிரியக்க முறையில் இந்தத் துண்டைச் சீரத்தில் அளந்து, கல்லீரல் நோயாளிகளுக்கு அது உயர்ந்திருப்பதை வெளியிட்டார்கள். அதுவரை தழும்பைப் பார்க்க பயாப்சி ஊசிதான் வழி. நோயாளி மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்வார்கள். விலா இடுக்கில் ஊசி நுழைந்து நூலிழை போன்ற ஒரு துண்டுடன் வெளியே வரும். பிறகு ரத்தக் கசிவுக்கு அஞ்சி மணிக்கணக்கில் படுத்தே இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் கிடைப்பது முழுக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. தழும்பு ஓரிடத்தில் அடர்ந்தும் இன்னோரிடத்தில் அருகியும் இருக்கும் உறுப்பில், எந்த இடத்தில் ஊசி இறங்கியது என்பதே முடிவை மாற்றிவிடும்.

இந்த ஊசியிலிருந்து முதலில் விடுதலை கண்டவர்களில் தோல்நோயாளிகள் இருந்தது வியப்பூட்டுகிறது. சோரியாசிஸுக்கு நெடுங்காலம் மெதோட்ரெக்ஸேட் எடுப்பவர்களின் கல்லீரலில் தழும்பு விழலாம் என்பதால் திரும்பத் திரும்ப பயாப்சி செய்துவந்தார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் மருத்துவர்கள் பி3என்பி-யைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து, தொடர்ந்து உயர்ந்தால் மட்டும் ஊசியை எடுத்தார்கள். ஒரே ஓர் அளவை நம்பாமல் அதன் போக்கைக் கவனித்ததுதான் இந்த முறையின் பலம்.

கல்லீரல் மருத்துவத்தில் பி3என்பி தனியாக நிற்கவில்லை. 2004-ல் வில்லியம் ரோசன்பெர்க்கின் தலைமையில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் சீரத்தையும் பயாப்சியையும் ஒப்பிட்டார்கள். பி3என்பி-யோடு, கொலாஜனைக் கரைக்கும் நொதிகளுக்குத் தடை போடும் டிம்ப்-1 புரதத்தையும், ஹயலுரானிக் அமிலத்தையும் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய ஈஎல்எஃப் பரிசோதனை. 2016-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது; மதிப்பெண் 10.51-ஓ அதற்கு மேலோ வந்தால் முற்றிய தழும்பு எனக் கருதலாம். 2021-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ-வும், நோய் எப்படிப் போகும் என்று கணிக்க இதை அனுமதித்தது.

துண்டின் கதையில் இன்னொரு திருத்தமும் நடந்தது. சில கொலாஜன் நார்கள் முனை வெட்டப்படாமலே தழும்பில் சேர்ந்துவிடும். பிற்பாடு தழும்பு கரையும்போதும் அந்த முனை ரத்தத்துக்கு வரும். கட்டுவதா கரைவதா என்று பழைய பரிசோதனையால் பிரிக்க முடியவில்லை. டென்மார்க்கின் நார்டிக் பயோசயின்ஸ் ஆய்வாளர்கள் 2013-ல், நொதி வெட்டிய விளிம்பை மட்டுமே அடையாளம் காணும் ஆன்டிபாடியைக் கொண்டு புரோ-சி3 என்ற அளவையை வெளியிட்டார்கள். வெட்டு விழுந்தால்தான் அது பிடிக்கும். புதிதாகத் தழும்பு கட்டப்படுவதைக் காட்டும் அளவை இது.

2024 மார்ச்சில் ரெஸ்மெடிரம் என்ற மாத்திரைக்கு எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. கொழுப்புக் கல்லீரல் அழற்சியால் விழுந்த தழும்புக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து. அது பலன் தருகிறதா என்று நிரூபிக்க, ஆய்வில் சேர்ந்தவர்கள் விலா இடுக்கில் ஊசியைத் தாங்கினார்கள். ஆனால் மாத்திரையைத் தொடங்க பயாப்சி கட்டாயம் என்ற நிபந்தனை அதன் பரிந்துரைக் குறிப்பில் இல்லை.