வன்னி வளவுகளில் இராசவள்ளி

மார்கழி கழியும்போது இராசவள்ளிக் கொடி மஞ்சளித்துக் காயத் தொடங்கும். தை பிறந்து சில கிழமைக்குள் தடியில் சுற்றியிருப்பது வெறும் சருகுதான். எட்டு ஒன்பது மாதம் இலை தேடிய தேட்டமெல்லாம் மண்ணுக்குள் கிழங்காக இறங்கியிருக்கும். வட இலங்கையில் கிளிநொச்சி நகரின் தென்மேற்கே, அக்கராயன்குளத்தை அடுத்துள்ள ஸ்கந்தபுரம் போன்ற வன்னி ஊர்களில் இந்தப் பயிரின் வரலாறு என்பது பெரும்பாலும் விதைக்கிழங்கைக் காத்த வரலாறே. இராசவள்ளி பூப்பது குறைவு, விதை கட்டுவது அதைவிடக் குறைவு. சென்ற ஆண்டுக் கிழங்கில் ஒரு துண்டை யாராவது ஒதுக்கி வைத்திருந்தால்தான் இந்த ஆண்டு கொடி உண்டு.

தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் டயஸ்கோரியா அலாட்டா. 1753இல் லின்னேயஸ் சூட்டியது. ‘அலாட்டா’ என்றால் சிறகுடையது. தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டை தெரியும். ஒவ்வொரு பட்டையின் விளிம்பிலும் மெல்லிய சவ்வு ஒன்று ஓடும். இதன் காட்டு மூதாதை எங்கும் அகப்படவில்லை. தென்கிழக்காசியாவுக்கும் நியூகினிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பே தாயகம் என்பது பொதுவான முடிவு. அங்கிருந்து கடலோடிகளோடு மடகாஸ்கர் வரை போயிற்று. பின்னர் மேற்கு ஆபிரிக்காவுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் பரவியது. பிலிப்பைன்ஸில் இதன் ஊதாக் கிழங்கு ‘உபே’ என்ற பெயரில் ஐஸ்கிறீம் வரை வந்துவிட்டது.

காட்டு வள்ளி வேறு. தானாக முளைத்து மரமேறும் அந்த இனங்களை வேடரும் குறவரும் அகழ்ந்து உண்டது மிகப் பழைய வழக்கம். உழவர் உழாமலே பறம்பு மலை தரும் நான்கு விளைவுகளில் ஒன்றாகக் கபிலர் புறநானூற்றின் 109ஆம் பாடலில் வள்ளிக்கிழங்கையும் எண்ணுகிறார். கிழங்கு அகழ்ந்த குழியிலே முருகனின் வள்ளி குழந்தையாகக் கிடந்த கதையை, கந்தன் பெயர் தாங்கிய ஸ்கந்தபுரத்துக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இலங்கையில் வள்ளியினங்கள் பயிரான விதத்தை எழுதி வைத்தவர்களில் முந்தியவர் ரொபேட் நொக்ஸ். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, அனுராதபுரக் காடுகள் வழியாக அரிப்புக் கோட்டைக்குத் தப்பிய ஆங்கிலேயர். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில், சில இனங்களுக்குத் தடி நட வேண்டும் என்றும், இலைகள் ஆண்டுதோறும் மடிந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் வளர்ந்துகொண்டே ஓரிரு ஆண்டில் ஆளின் இடுப்பளவு பருக்கும் என்றும் குறிக்கிறார். கூர்ந்த பார்வைதான். ஆனால் இராசவள்ளியில் நடப்பது சற்று வேறு: முளைக்கும் பழைய கிழங்கு தன்னைக் கொடிக்குக் கொடுத்துச் சுருங்கிப்போகும், அதன் இடத்தில் புதுக்கிழங்கு விழும்.

வன்னிக் காட்டோரத்தில் இந்தக் கொடி வளவுப் பயிராகப் பெருகியது குடியேற்றங்களோடுதான். கிளிநொச்சி வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, உலர்வலயக் குடியேற்றங்களில் வயலோடு மேட்டுக்காணியும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. தொடக்கத்தில் 5 ஏக்கர் வயல், 3 ஏக்கர் மேடு. பின்னர் இந்த அளவு படிப்படியாகக் குறைந்தது. காணி நெருக்கடி மிகுந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த கமக்காரர் மேட்டில் வீடும் கிணறும் அமைத்தனர். வேலியோரம் அவர்களுடைய பழைய வளவுப் பயிர்கள் வந்தன. வயல் குளத்தை நம்பியது. வளவு கிணற்றையும் சித்திரைச் சிறுமாரியையும் நம்பியது.

நடுகைக்கான ஆயத்தம் பங்குனியில் தொடங்கும். கிழங்கில் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் முளைக்காது. கொடியோடு ஒட்டியிருந்த தலைப்பகுதி முதலில் முளைக்கும், நடுப்பகுதி பிந்தும், வால் இன்னும் பிந்தும். ஆகவே கைதேர்ந்தவர்கள் தலையை விதைக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தையே சமையலுக்கு எடுப்பார்கள். பெரிய கிழங்கானால் கால் கிலோ அளவான துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் தோல் இருக்க வேண்டும். முளை தோலுக்கு அடியிலிருந்துதான் கிளம்பும், வெறும் சதை அழுகும். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைப் பூசி, ஓரிரு நாள் நிழலில் காயவிட்டு நடுவது வழக்கம். வன்னியின் செங்கபில மண் கோடையில் கல்லாக இறுகும் என்பதால் கிடங்கு வெட்டாமல் நட்டால் கிழங்கு கோணி வளரும், கிண்டும்போது உடையும். முழங்கையளவு ஆழமான கிடங்கில் சருகும் மாட்டெருவும் மேல்மண்ணும் இட்டு மேடாக்கி, அதில் துண்டைப் புதைத்து மேலே சருகு மூடுவார்கள். கொடிக்குத் தடி ஊன்றலாம். வேலிப் பூவரசிலோ கிளுவையிலோ ஏறவிட்டால் அந்தச் செலவும் இல்லை. சோளகக் காற்று கொடியை அலைக்கும் மாதங்களில் வேலி நிழல் உதவும்.

குளிர்நாட்டில் பனிக்குப் பயந்து செடி அடங்கும். இராசவள்ளி அடங்குவது பகல் குறுகி முதிர்வு வந்தபின். மாரி மழை ஓயும் வேளையில் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு, தோல் உரியாமல் கிண்டுவதே பாதி வேலை. காயம்பட்ட கிழங்கு உறங்காது, அழுகும். விதைக்கென வைத்ததை நிழலான, காற்றோடும் இடத்தில் மணல் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்று அழுத்தாமல் அடுக்குவார்கள். இரண்டு மூன்று மாதம் என்ன செய்தாலும் முளைக்காது. பிறகு தண்ணீரும் மண்ணும் இல்லாமலே கண் விடும். கிண்டாமல் நிலத்திலேயே விட்டாலும் அடுத்த மழைக்கு முளைக்கும், காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் முந்திக்கொள்ளாவிட்டால்.

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடும் அரிசி, மாத் தட்டுப்பாடும் கிழங்குகளுக்கு மதிப்பைக் கூட்டின. ஆனால் அந்த வாய்ப்பை வாரிக்கொண்டது மரவள்ளியே. தடியை முறித்து ஊன்றினால் போதும் என்னும் பயிரோடு, உண்ணும் பொருளிலேயே விதையை ஒதுக்கக் கேட்கும் பயிர் போட்டியிட முடியாது. இராசவள்ளி விசேட நாள் கிழங்காக, வேலியோரத்தில் நாலைந்து கிடங்காக நின்றது.

போர் இந்தப் பலவீனத்தைத்தான் தொட்டது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமானபோது அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்கள் இடம்பெயர்ந்தோரால் நிரம்பின. 2008இன் பிற்பகுதியில் இந்த ஊர்களே வெறுமையாகிக் கிழக்கே நகர்ந்தன. அது கொடி பச்சையாக நிற்கும், கிழங்கு முற்றாத காலம். மிளகாய் விதையை மடியில் கட்டிக்கொண்டு போகலாம். 100 கிடங்குக்கு வேண்டிய இராசவள்ளித் துண்டோ 25 கிலோ. மீள்குடியேற்றம் தொடங்கியபோது நெல்லும் மரக்கறி விதையும் நிவாரணத்தில் வந்தன. வளவுக் கிழங்கை அவரவர் உறவினரிடமும் சந்தையிலும் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

விதைச் சுமையைக் குறைக்கும் வழி நைஜீரியாவில் வகுக்கப்பட்ட குறுந்துண்டு முறையில் உண்டு. 25 கிராம் அளவான துண்டுகளை நாற்றுமேடையில் முளைக்கவைத்து நடுவது அது. 1963இல் தொடங்கிய திருவனந்தபுரக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்த முறையை இராசவள்ளிக்கும் ஏற்றதோடு, ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா, ஸ்ரீ சில்பா என்னும் வர்க்கங்களையும் வெளியிட்டது. நடும் முறை மாறினாலும் சமையலறை மட்டும் மாறவில்லை. கை கடிக்கும் என்று எண்ணெய் பூசித் தோல் சீவி, துண்டுகளை அவித்து மசித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துத் துழாவி இறக்கும் ஊதாக் கஞ்சி, இலண்டன், ரொறன்ரோ தமிழ் வீடுகளிலும் உறையவைத்த கிழங்கைக் கொண்டு இன்றும் காய்ச்சப்படுகிறது.