கண்டவரும் நிறுவியவரும்

சிக்குன்குனியா வைரஸில் நேர்ந்த ஒரே மாற்றத்தைப் பற்றி இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் உள்ளன. ஒன்று 2010-இல் ‘வைராலஜி ஜர்னல்’ இதழில் வந்தது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்தின் நியாஸ், ஈ. ஸ்ரீகுமார் குழுவினர் எழுதியது. மற்றது 2011 டிசம்பரில் ‘பிளாஸ் பேத்தோஜென்ஸ்’ இதழில் வெளியானது. அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரிலிருந்து செட்சார்கினும் ஸ்காட் வீவரும் எழுதியது. மேற்கோள் கணக்கில் இரண்டாவதுதான் மேலே நிற்கிறது. அந்த வரிசை என்னை உறுத்துகிறது.

கொஞ்சம் முன்கதை. 2005–06-இல் ரீயூனியன் தீவில் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு மேல் சிக்குன்குனியா கண்டது. வைரஸின் ஈ1 புரதத்தில் 226-ஆம் இடத்தில் அலனின் போய் வாலின் வந்திருந்ததை பாஸ்டர் நிறுவனத்தார் 2006-இல் எழுதினார்கள். ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் புலிக்கொசுவின் உடலில் வைரஸ் எளிதாகப் பெருகிப் பரவ அந்த ஒரு மாற்றமே போதும் என்று 2007-இல் கால்வெஸ்டன் குழு சோதனையில் காட்டியது. அங்கே கண்டவர், நிறுவியவர் இருவர் கட்டுரைக்குமே ஆயிரத்துக்கு மேல் மேற்கோள்கள் சேர்ந்தன.

2007-இல் கேரளத்திலும் அதே மாற்றம் தென்பட்டது. புதுச்சேரியின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் அதை மறு ஆண்டே பதிவு செய்தது. ரப்பர் தோட்டங்களில் பால் பிடிக்கும் சிரட்டையில் மழைநீர் தேங்கினால் புலிக்கொசுவுக்கு வேறு இடம் வேண்டாம். குமரி மாவட்டத்துத் தோட்டக்காரர்களுக்கும் தெரிந்த சங்கதிதான் இது. நியாஸ் குழு நோயாளிகளின் ரத்த மாதிரிகளோடு நிற்கவில்லை. கொசுப்புழுக்களைச் சேகரித்து, அவற்றிலிருந்து வளர்ந்து வந்த கொசுக்களையும் சோதித்தது. யாரையும் இன்னும் கடிக்காத அந்தக் கொசுக்களுக்குள் வைரஸ் இருந்தது! தாய்க்கொசுவின் முட்டை வழியாகவே அது வந்திருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு நோயாளிகளிடமும் கொசுக்களிடமும் ஒரு புதிய மாற்றமும் கிடைத்தது: ஈ2 புரதத்தின் 210-ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் குளூட்டமின்.

2011-இன் கால்வெஸ்டன் கட்டுரை எடுத்துக்கொண்டது இந்தக் கேரள மாற்றத்தைத்தான். அதை ஆய்வகத்தில் உருவாக்கிய வைரஸில் புகுத்தி, கொசுக்களுக்கு ரத்தத்தோடு ஊட்டிப் பார்த்தார்கள். புலிக்கொசுவின் நடுக்குடலை வைரஸ் முன்னைவிட எளிதாகப் பற்றியது. ஏடிஸ் எகிப்தி கொசுவிலோ அந்த மாற்றத்தால் பயன் ஏதும் இல்லை. அரிய வேலை இது. இது இல்லாமல் இருந்தால் திருவனந்தபுரத்தில் கண்டது மரபுத்தொடரில் ஓர் எழுத்து மாறிய செய்தியாகவே நின்றுபோயிருக்கும். அந்தக் கட்டுரையின் பெருமையில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை.

குறை அளவுகோலில் இருக்கிறது. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த ஹெச்-இன்டெக்ஸ், எத்தனை கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மேற்கோள் என்று மட்டுமே பார்க்கிறது. முதலில் கண்டது யார் என்பதற்கு அதில் இடமே இல்லை. திருவனந்தபுரக் கட்டுரை படிக்கக் கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டுமே யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய இதழ்கள். காரணத்தை விளக்கும் கட்டுரையைக் காட்டிவிட்டால் போதும், அதற்கு அடி எடுத்துக் கொடுத்ததை விட்டுவிடலாம் என்ற பழக்கமே அது பின்தங்கியதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. முட்டை வழியாகவும் வைரஸ் கடக்கும் என்றால், புகையடித்துப் பறக்கும் கொசுவைக் கொல்வது மட்டும் போதாது. சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துப் புழுவிலேயே தடுத்தாக வேண்டும். பால் வெட்டும் தொழிலாளிக்கும் ஊர்ச் சுகாதார ஆய்வாளருக்கும் 210-ஆம் இடத்தைவிட இதுதான் பெரிய செய்தி. அவர்கள் சிரட்டையைக் கவிழ்ப்பது எந்த மேற்கோள் பட்டியலிலும் ஏறாது.

ஸ்ரீகுமார் பின்னாளில் தோன்னைக்கலில் உள்ள உயர்நிலை வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். அவரைப் போன்றவர்களை மதிப்பிட உட்காரும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: எண்களைக் கூட்டுமுன் ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படியுங்கள். 210-ஆம் இடத்தைப் பற்றி இனி எழுதப்போகும் நம் மாணவர்கள் இரண்டு கட்டுரைகளையும் மேற்கோள் காட்ட வேண்டும், திருவனந்தபுரத்தை முதலில்.