வாடைக்காலத்துக் கடற்பாதை

யாழ்ப்பாணத் தீவகத்தில் 'பாதை' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையையும் அங்குள்ளோர் 'பாதை' என்றே அழைப்பர். கடலையே வழியாகக் கொண்டு வாழ்ந்தவர்களின் வழக்கு அது. மலைநாடுகளில் பனி பெய்தால் கணவாய் அடைபடுவதுபோல், தீவகத்தில் காற்று எழுந்தால் கடல் அடைபடும்.

தீவகத்தின் ஆண்டை இரு காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐப்பசி நடுவிலிருந்து தை வரை வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல். இத்தகைய கடலில் அலைகள் குறுகியும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து எழும். சிறுபடகு ஓர் அலையைத் தாங்கி நிமிர்வதற்குள் மற்றொன்று வந்து மோதும். சோளகமும் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் என்றாலும், வாடைக்காலத்தில் மழையும் தாழமுக்கமும் புயலும் சேர்ந்துகொள்கின்றன. 1964 டிசம்பர் 22, 23 ஆம் நாட்களில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயல் இப்பருவத்தில் வந்ததே. ஆனால், தீவகத்துக் கிணறுகளுக்கு நன்னீர் தருவதும் இம்மழைதான். வழியை மறிக்கும் பருவமே வாழ்வுக்கு நீரும் தருகிறது.

இந்தக் கடலின் ஆபத்தை அரசு அறிந்திருந்தது என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963 இல் கட்டுரை வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் இருவருக்கும் சரிபாதி. கலம் உடைவது இங்கே அபூர்வமாயிருந்திருந்தால் அதற்கென்று விதி வகுத்துக் கல்லில் வெட்டியிருப்பார்களா?

பின்னர் வந்த ஐரோப்பியரும் இத்துறையின் பெறுமதியை உணர்ந்தனர். யானைத்துறை என்று பொருள்படப் போர்த்துக்கேயர் இட்ட பெயரே 'கயிற்ஸ்' ஆயிற்று. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட 'டெல்ஃப்ற்' என்பதே இன்றும் வழங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் தாம்போதிகள் தீவகத்தின் ஒரு பகுதியை நிலத்தோடு இணைத்தன. பண்ணைப் பாலமும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலமும் வந்தபின் குறிகட்டுவான் வரை தரைவழியே செல்லலாம். அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடல்வழி ஒன்றே. நயினாதீவு கூப்பிடு தூரம். நெடுந்தீவோ ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வாடைக்காலத்தில் கர்ப்பிணியும் நோயாளியும் பரீட்சை எழுதும் மாணவனும் காற்றின் தயவில் காத்திருக்க வேண்டியிருந்தது இந்தத் துறையில்தான்.

காற்று மட்டுமே இக்கடலில் உயிர்களைப் பறித்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1985 மே 15 ஆம் நாள் காலை நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் சென்ற பொதுமக்கள், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே இதைச் செய்தனர் என உயிர் தப்பியோர் சாட்சி சொன்னார்கள். வந்திறங்கும் அந்நியரையும் காக்க வேண்டும் என்று கல்லில் எழுதப்பட்ட அதே கடலில், சொந்த மண்ணின் மக்களுக்குக் காவல் இருக்கவில்லை.

2017 இல் 'நெடுந்தாரகை' என்னும் பயணிகள் படகு சேவைக்கு வந்தபோது தீவகத்தார் மகிழ்ந்தனர். ஆயினும் ஒரு படகால் தீர்கிற காரியமன்று இது. உறுதியான படகுகள், எல்லோருக்கும் போதிய உயிர்காப்பு அங்கிகள், செம்மையான இறங்குதுறை, கடல் மூடிய நாளிலும் தீவிலேயே கிடைக்கும் மருத்துவம் ஆகியவை சேர்ந்தால்தான் அதைப் பாதை எனலாம்.

உடைந்த கலத்தின் பொருளில் அரசுக்கு எத்தனை பங்கு என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டார்கள். கலத்தில் ஏறும் மனிதரின் உயிருக்கு அரசின் பொறுப்பு எத்தனை பங்கு என்பதே ஒவ்வொரு வாடைக்காலத்திலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி.