ஜனாஸாவும் வரிச்சலுகையும்

"ஐரோப்பாக்காரனுக்கு எங்கட மையித்தைப் பற்றி என்ன கவலை?" என்று 2021இல் கேட்டவர்கள் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்விதான். விடைக்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை, ஜனநாயகத்தையும் மனித உரிமையையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுக்கு வழிகாட்டும் கோட்பாடுகளாக எழுதிவைத்தது. ஒன்றியத்தின் பெரும்பலம் அதன் சந்தை. ஆகவே தன் விழுமியங்களை அது சந்தை வாசலில் வைத்தே பேசுகிறது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதித்து நடக்கும் நாடுகளுக்கு அது தரும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை அப்படிப்பட்டது.

இலங்கைக்கு இச்சலுகை 2005இல் கிடைத்தது. சித்திரவதைத் தடை உள்ளிட்ட மூன்று உடன்படிக்கைகள் சரிவர நடைமுறைப்படுத்தப்படவில்லை என்று 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, 2017 மே மாதம் திரும்பி வந்தது. 2021 ஜூன் 10ஆம் திகதி ஐரோப்பிய நாடாளுமன்றம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கும்படி கேட்டது. சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஆராயும்படியும் சொன்னது. அச்சட்டத்தின் கீழ் அடைபட்டிருந்த நம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமின் பெயரும் அத்தீர்மானத்தில் இருந்தது. பிறகு? 2022 மார்ச்சில் சட்டத்தில் சில திருத்தங்கள் வந்தன. சலுகை நிறுத்தப்படவில்லை. நிறுத்தியிருந்தால் அடி முதலில் விழுவது சட்டம் போட்டவர்கள் மீதல்ல, கார்மென்ட்டில் தைக்கும் பிள்ளைகள் மீது.

சரி, நம்முடைய கூட்டமைப்பு? அல்-அக்ஸா எரியூட்டப்பட்ட 1969இல் ரபாத்தில் பிறந்தது ஓ.ஐ.சி. உறுப்புரிமை இல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் சிறுபான்மையினரின் உரிமையையும் கண்ணியத்தையும் காப்பது அதன் சாசனத்திலேயே உள்ள நோக்கம். கட்டாயத் தகனம் பற்றி அது கவலையும் தெரிவித்தது. ஆனால் 2021 மார்ச் 23ஆம் திகதி ஜெனீவாவில் வந்த இலங்கை பற்றிய பிரேரணை, ஜனாஸா எரிப்பை வெளிப்படையாகவே குறிப்பிட்டிருந்தும், பாகிஸ்தானும் பங்களாதேஷும் எதிர்த்து வாக்களித்தன. இந்தோனேசியாவும் பஹ்ரைனும் வாக்களிக்காமல் ஒதுங்கின. 22க்கு 11 என்று பிரேரணை நிறைவேறியது. 14 நாடுகள் ஒதுங்கியிருந்தன.

இவர்கள் நல்லவர்கள், அவர்கள் கெட்டவர்கள் என்று முடித்துவிடலாகாது. பலஸ்தீன் விடயத்தில் ஐரோப்பாவின் விழுமியம் எப்படித் தடுமாறுகிறது என்பதும் நமக்குத் தெரியும். கூட்டமைப்புகள் விழுமியம் பேசும். வாக்களிக்கும்போது உறுப்பு நாடுகள் தத்தம் நலனைப் பார்க்கும். இரு இடத்திலும் நடந்தது இதுதான்.

நம் கையில் இருப்பது பதிவு மட்டுமே. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை எரிக்கப்பட்ட ஒவ்வொரு ஜனாஸாவின் விபரமும் ஊர்தோறும் திரட்டப்பட வேண்டும். பிரஸ்ஸல்ஸோ ஜித்தாவோ அதை நமக்காகச் செய்யப் போவதில்லை.